முடிவு சொல்லாத தம்பி

12.10.2024, சனி

மீண்டும் தோற்றோம். சொந்த மைதானத்தில், புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கும் ஓர் அணியிடம், கடைசி நிமிடத்தில். எங்கள் பின்வரிசைக்காரன் பந்தைத் தூர அடித்துத் தொலைக்காமல் காலில் வைத்து அழகு காட்டினானாம். அழகு காட்ட உன்னை யார் கேட்டது? சம்பளம் வாங்குவது பந்தை அடிக்கத்தானே.

பிற்பகல் வேலை என்பதால் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நான் ஓட்டும் பஸ்ஸில் ஏறியவர்களின் முகங்களில் பார்த்தேன். கழுத்தில் அணியின் சால்வையோடு ஏறிய ஒரு கிழவர் ரிக்கற்றைக் காட்டிவிட்டு, இனி மைதானப் பக்கமே போவதில்லை என்று எனக்கு அறிவித்தார். போன தடவையும் இதையேதான் சொன்னார். நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். உதைபந்து ரசிகர்களைப் போல வெட்கங்கெட்ட கூட்டம் உலகத்தில் இல்லை.

இதை டிப்போ ஓய்வறையில் இருந்து எழுதுகிறேன். எட்டு வயதில் ஜெர்மனிக்கு வந்த எனக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி தந்த பெரிய இலாபம் இதுதான். பக்கத்தில் இருந்து பாண் தின்கிற சக சாரதி எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் ஒரு எழுத்தும் விளங்காது.

நாளைக்கு என் தம்பி தபோவின் ஆட்டம். தொண்டையைக் காப்பாற்றி வைக்க வேண்டும்.

13.10.2024, ஞாயிறு

தபோவும் தோற்றான். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அவன் எப்போதும் தோற்பவன்.

என் தம்பி தபோதரனுக்கு இருபத்தாறு வயது. வார நாட்களில் பார்சல் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், பேர்லின் நொய்கெல்னில் ஒரு பழைய தொழிற்சாலை மண்டபத்தில், ரெஸ்லிங் ரிங்குக்குள் தூக்கி எறியப்படுகிறான். அங்கே அவனுடைய பெயர் மகாராஜா. தலைப்பாகை, கண்ணாடி மணிமாலை, தங்க நிறக் கோட்டு. எல்லாம் நிகழ்ச்சியை நடத்தும் ஊவே என்கிற ஜெர்மன்காரனின் மூளையில் உதித்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெடியனுக்கு ராஜஸ்தான் தலைப்பாகை! வித்தியாசத்தை நான் ஒருநாள் விளங்கப்படுத்திப் பார்த்தேன். சனத்துக்கும் வித்தியாசம் தெரியாதுதானே, பிறகென்ன என்றான்.

ரெஸ்லிங் பொய் என்று சொல்கிறவர்களோடு நான் கதைப்பதை நிறுத்திக் கன காலம். முடிவு மட்டும்தான் முதலே பேசி வைத்தது. விழுவதை யாரும் பேசி வைக்க முடியாது. பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் என் தம்பியின் முதுகு. உதைபந்தில் சின்ன விரல் பட்டதற்கு உருண்டு புரண்டு அழுகிறவனுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். இங்கே நிஜமாக நோகிறவன் நோகாதவன் போல எழும்பி அடுத்த அடிக்கு நிற்க வேண்டும். யார் பொய்யர்?

நன்றாகத் தோற்கிறவன் ஒருவன் இல்லாவிட்டால் வெல்கிறவன் வெறும் தடியன். இது என் கருத்து. தபோவைப் போலத் தோற்கப் பேர்லினில் ஆள் இல்லை.

ஆனால் முடிவை மட்டும் எனக்கு ஒருபோதும் சொல்லமாட்டான். நண்டுக் கறி வைத்துக் கொடுத்தும் கேட்டுப் பார்த்தேன். "சொன்னா நீங்கள் கத்தமாட்டியள் அக்கா. நீங்கள் கத்தாட்டி அந்த மண்டபத்திலை எனக்கு வேறை ஆர் கத்துறது?" என்றான். 

19.10.2024, சனி

சமநிலை. மழை. வேறொன்றும் இல்லை.

10.11.2024, ஞாயிறு

அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. தபோவும் வந்தான். முழங்கையில் கன்றிப்போன அடையாளம். அம்மா பார்த்தும் பார்க்காதது மாதிரி குழம்பை ஊற்றினா. அப்பா பார்க்கவே இல்லை.

அப்பா உதைபந்துக்காரர். ஊரில் தன் கிராமத்து அணியின் நடுப் பின்வரிசை, ஐந்தாம் இலக்கம். இங்கே வந்து முப்பது வருடம் அலுவலகங்களைத் துப்புரவாக்கினார். ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்டும், ஜெர்மனியில் இருக்கிற எங்கள் ஊர்க்காரரெல்லாம் தங்கள் தங்கள் ஊர்ப் பெயரில் அணி இறக்கும் சுற்றுப்போட்டிக்கு, எங்கள் ஊர் அணியைக் கட்டி இழுத்துக்கொண்டு கொலோனுக்குப் போகிறவர் அவர்தான். விளையாடுகிற பெடியளில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. போன வருடம் எங்கள் கோல்காப்பாளனின் தகப்பன் போலந்துக்காரர். அப்பா அவனை எல்லோருக்கும் எங்கட ஊர்ப் பெடியன் என்றே அறிமுகப்படுத்தினார். முழங்கால் இரண்டும் போய்விட்டது. அதிக நேரம் நிற்க ஏலாது. அதனால் கோட்டோரத்தில் ஒரு மடக்குக் கதிரையில் இருந்து கத்துவார்.

தபோ அவருடைய கனவாக இருந்தவன். பெரிய கிளப் ஒன்றின் இளையோர் அணியில் பதினேழு வயதுவரை விளையாடினான். பிறகு ஒருநாள் பயிற்றுநர் கூப்பிட்டு, உயரம் போதாது, வேறு வழி பார் என்று சொல்லிவிட்டார். ஐந்து நிமிடக் கதை. தபோ வீட்டுக்கு வந்து உதைபந்துச் சப்பாத்தைக் குப்பையில் போட்டான். அப்பா அதை எடுத்துக் கழுவிக் காயவைத்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

ரெஸ்லிங் தொடங்கியபோது அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "வேசம் போட்டு விழுறது விளையாட்டோ?" அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தபோவும் அழைப்பதில்லை. நடுவில் நான் இருந்து குழம்பைப் பாராட்டுகிறேன்.

24.11.2024, ஞாயிறு

தபோ தலைப்பாகையைக் கழற்றி ஊவேயின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டான். இனி தோற்பதென்றால் வேசத்தில் இல்லை, தானாகவே தோற்கிறானாம். ஊவே கோபப்படவில்லை. அப்படியென்றால் நீ யாரென்று ஜனவரிக்குள் கண்டுபிடித்துக்கொண்டு வா என்றானாம்.

நீ யாரென்று கண்டுபிடி. பேர்லினில் பிறந்த தமிழ்ப் பெடியனுக்கு இரண்டு மாதத்தில் முடிக்கிற வேலை!

26.12.2024, வியாழன்

இன்று நடந்ததை நான் எழுதாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் தபோ அப்பாவிடம் நேராகக் கேட்டான். எங்கள் ஊர் அணியின் ஐந்தாம் இலக்கச் சட்டையை ரிங்கில் போட விருப்பம், தருவீர்களா என்று. அம்மா கையில் தட்டோடு அப்படியே நின்றா. அப்பா எழும்பி அறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பச்சை வெள்ளைச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். மகன்மாருக்கு நீட்டுகிற மாதிரி நீட்டவில்லை. மாற்று ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"கிழிச்சுப்போடாதை," என்றார். அவ்வளவுதான்.

நான் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

12.01.2025, ஞாயிறு

மகாராஜா செத்தார். இன்று ரிங்குக்குள் வந்தவனுக்குப் பெயர் 'ஐந்து'. உதைபந்துச் சட்டை, உதைபந்துக் காற்சட்டை, முழங்கால் வரை காலுறை. சனம் முதலில் சிரித்தது. பிறகு அவன் கயிற்றின் மேல் ஏறி நின்று கையை விரித்துக் காட்டினான். பின் வரிசையில் யாரோ ஜெர்மனில் "ஐந்து, ஐந்து" என்று தொடங்க, முழு மண்டபமும் எடுத்துக்கொண்டது. அந்த யாரோ நான்தான்.

தோற்றான். ஆனால் தோற்றுப் போகும்போது சனம் எழும்பி நின்று கைதட்டியது. எங்கள் கிளப்பின் பதினொரு பேரும் வந்து பார்த்திருக்க வேண்டும்.

09.02.2025, ஞாயிறு

ஜப்பான்!

ஊவேக்குத் தெரிந்த ஒருவர் ஜப்பானில் ரெஸ்லிங் பயிற்சிக்கூடம் நடத்துகிறார். மார்ச் மாத நிகழ்ச்சிக்கு நேரில் வருகிறார். பிடித்துப்போன ஒருவனைத் தன்னோடு ஒரு வருடத்துக்கு எடுப்பாராம். அங்கே போய் வந்தவர்கள்தான் பிறகு இதையே தொழிலாகச் செய்து சாப்பிடுகிறார்கள். மார்ச் நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம், வெல்கிறவன் இடுப்பில் கட்டும் சாம்பியன் பட்டிக்கான ஆட்டம், தபோவும் லென்னார்ட்டும். ஜப்பான் தபோவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து பிடித்த பைத்தியம். போனில் இதையே மூன்று தரம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

லென்னார்ட் இரண்டு மீற்றர் உயரம். ரிங்கில் கொடூரன், குழந்தைகளைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். வார நாட்களில் குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியர். ஒருமுறை அம்மா வீட்டுக்குச் சாப்பிட வந்து, கத்தரிக்காய்க் குழம்பின் உறைப்புக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாம் தரமும் வாங்கினான். அம்மாவுக்கு அவனில் ஒரு தனி வாரப்பாடு.

உதைபந்தில் எதிரி உண்மையிலேயே எதிரி. சந்தர்ப்பம் கிடைத்தால் உன் கணுக்காலை எடுத்துவிடுவான். ரெஸ்லிங்கில் எதிரிதான் உன் கழுத்தைக் கையில் வைத்திருப்பவன், உன்னைப் பத்திரமாகக் கீழே இறக்க வேண்டியவன். அப்படியொரு நம்பிக்கையை நான் வேறு எந்த விளையாட்டிலும் காணவில்லை. கலியாணத்திலும் காணவில்லை.

11.02.2025, செவ்வாய்

சூப்பர்மார்க்கெட்டில் ஒரு கோப்பை. 'உன் கனவைத் துரத்து' என்று பொன் எழுத்தில். கனவைத் துரத்தச் சொல்லிக் கோப்பை விற்கிறவன் ஒருவனாவது தன் பிள்ளையைக் களஞ்சிய வேலையை விட்டுவிட்டு ரிங்கில் விழ விடுவானா? நினைத்தேன், ஆனாலும் தபோவுக்கு ஒன்று வாங்கினேன். வெட்கக்கேடு.

01.03.2025, சனி

அப்பா வருகிறார்! அவராகவே கேட்டார், எங்களுடைய சட்டையை அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டுமாம். அம்மாவும் வருகிறா, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாவாம்.

இரண்டு பேரையும் இருத்தி இன்று வகுப்பு எடுத்தேன். பழைய ஆட்டங்களை ரீவியில் போட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். இது பார்க்கப் பயங்கரம், ஆனால் இப்படி விழப் பழகியிருக்கிறார்கள். இது முகத்தில் படவில்லை, சத்தம் காலால் மெத்தையில் அடிப்பது. கன நேரம் அசையாமல் கிடப்பது எல்லாம் நடிப்பு, சனத்தை ஏங்க வைக்கத்தான். "எல்லாம் நடிப்பு, பயப்படாதேங்கோ" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதிரணியின் ஆட்டத்தைப் படிக்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கள்ளர் என்றார். பாராட்டாகத்தான்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. யாருக்காவது உண்மையாகவே அடிபட்டால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடிப்பார். அந்த அடையாளம் மட்டும் நடிப்பில்லை, மருத்துவரைக் கூப்பிடுகிற அடையாளம். அதைச் சொல்லி ஏன் இருவரையும் வீணாகப் பயப்படுத்த வேண்டும்?

22.03.2025, சனி

அம்மா முருகன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தா. வீட்டுக்குள் நுழைந்தால், குசினியில் அப்பாவும் தபோவும் தலையை நெருக்கி வைத்துக்கொண்டு ஏதோ குசுகுசுக்கிறார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. என்ன இரகசியம் என்று கேட்டேன். அப்பா தேத்தண்ணியைப் பார்த்துச் சிரித்தார். தபோ எனக்குக் கண்ணடித்தான்.

ஒன்பது வருடம் கதைக்காத இரண்டு பேர். இரகசியமாம்.

23.03.2025, ஞாயிறு

இன்று. இஞ்சித் தேத்தண்ணி குடித்தாயிற்று. தொண்டை தயார்.

25.03.2025, செவ்வாய்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆட்டம் அழகாகத்தான் போனது. அவனுடைய வாழ்க்கையிலேயே நல்ல ஆட்டம். ஜப்பான்காரர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர், நடுவில் கையை அவிழ்த்து முன்னால் குனிந்தார். நான் அதைக் கண்டேன். அப்பாவும் கண்டு என் முழங்கையை இடித்தார்.

லென்னார்ட் தபோவைத் தலைகீழாகத் தூக்கினான். இதை அவர்கள் நூறு தடவை செய்து பழகியிருப்பார்கள். தோள்கள் முதலில் மெத்தையில் படும்படி இறக்க வேண்டும். வியர்வை — கை வழுக்கியது. தபோவின் தலை முதலில் பட்டது.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே தெரியும்.

தபோ அசையவில்லை. சனம் "ஐந்து, ஐந்து" என்று கத்தியது, எழும்பு எழும்பு என்று. லென்னார்ட் கொடூரன் முகத்தை விட்டுவிட்டு முழங்காலில் விழுந்து அவன் வாய்க்குக் கிட்டக் காதை வைத்தான். பிறகு நடுவர் இரண்டு கையையும் மேலே குறுக்காகப் பிடித்தார்.

நான் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்தேன். திரும்பிப் பார்த்தால் — ஐயோ, இதை எப்படி எழுதுவேன் — மண்டபமே அமைதியாகிவிட்டது, எல்லாரும் கதிரைகளில் இருக்கிறார்கள், அப்பா மட்டும் அந்தப் போன முழங்கால்களோடு எழும்பி நின்று சிரித்துக்கொண்டு கைதட்டுகிறார். தனியாக. அந்தக் கைதட்டல் மட்டும் மண்டபத்தில் கேட்கிறது. "அப்பா இது நடிப்பில்லை, அப்பா நிப்பாட்டுங்கோ" என்று நான் கத்துகிறேன். "பொறு பிள்ளை, எழும்புவான்," என்கிறார். என்னைச் சமாதானப்படுத்துகிறார்!

சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கதவுக்கு வெளியே கொண்டுபோகும் வரைக்கும் அப்பா நின்றுகொண்டே இருந்தார். கைகள் மட்டும் மெல்ல மெல்ல நின்றுபோயின.

எல்லாம் நடிப்பு, பயப்படாதேங்கோ. சொன்னது ஆர்? நான்தானே. நான்தானே சொல்லிக் குடுத்தனான்.

28.03.2025, வெள்ளி

கழுத்து எலும்பு. சத்திரசிகிச்சை முடிந்தது. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். மூச்சு அவனாகவே விடுகிறான். கண் திறந்து என்னைப் பார்த்து, ஜப்பான்காரர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று கேட்டான். போய்விட்டார் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

லென்னார்ட் நாள் முழுவதும் வெளியே நடைபாதையில் இருக்கிறான். அவ்வளவு பெரிய உடம்பை அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கதிரையில் மடித்து வைத்துக்கொண்டு அழுகிறான். கோபிக்கலாம் என்றுதான் கிட்டப் போனேன். முடியவில்லை. அம்மா போய் அவன் தலையைத் தடவினா.

அப்பா கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறார். தாதி கதிரை கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றார். முழங்கால் நடுங்குவது எனக்கே தெரிகிறது. பிடிவாதம்.

03.04.2025, வியாழன்

கை விரல் அசைந்தது. இடது கை. அம்மா மூன்று கடவுள்களுக்கு நேர்த்தி வைத்துவிட்டா.

14.04.2025, திங்கள்

வருடப் பிறப்பு. ஒருவரும் வாழ்த்துச் சொல்லவில்லை. அம்மா பொங்கிச் சின்ன டப்பாவில் கொண்டுவந்து தபோவின் நாக்கில் விரலால் தொட்டு வைத்தா.

வீட்டுக்குத் திரும்பும்போது யூ-பாண் சுரங்க ரயிலில் அப்பாவோடு சண்டை பிடித்தேன். மூன்று கிழமையாகப் பார்க்கிறேன், போகிற நாளெல்லாம் மணித்தியாலக் கணக்காக நிற்கிறார். கதிரை பக்கத்திலேயே கிடக்கிறது. கால் இப்போது வீங்கிவிட்டது, அம்மா இரண்டு பேரையும் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். கேட்டு முடித்த வேகத்தில் அதையும் கேட்டுவிட்டேன். நான் கத்தியும் ஏனப்பா அன்றைக்குக் கைதட்டினீர்கள் என்று.

அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"முதல் நாள் என்னட்டைச் சொன்னவன் பிள்ளை. அப்பா, நான் கடைசியிலை விழுந்து கன நேரம் கிடப்பன். எல்லாரும் முடிஞ்சுது எண்டு நினைப்பினம். நீங்கள் பயப்படாதேங்கோ, நான் எழும்பி வெல்லுவன். நான் எழும்பேக்கை நீங்கள் நிக்கவேணும் எண்டு சொன்னவன்."

அதுதான் குசினி இரகசியம்.

அவன் வெல்ல இருந்தான். நான்கு வருடம் தோற்றவன், அன்றைக்கு வெல்ல இருந்தான். ஒருபோதும் ஒருவருக்கும் சொல்லாத முடிவை, என் நண்டுக் கறிக்கும் சொல்லாத முடிவை, அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறான். அவர் கத்த வேண்டும் என்பதற்காக அல்ல. அவர் நிற்க வேண்டும் என்பதற்காக.

அப்பா இன்னும் நிற்கிறார். அவருக்கு ஆட்டம் முடியவில்லை.

எனக்கு எழுத ஏலாமல் இருக்கு.

06.05.2025, செவ்வாய்

மருத்துவரோடு டெர்மின், சந்திக்க நேரம் தந்திருந்தார்கள். அம்மா, அப்பா, நான்.

பத்து வயதிலிருந்து நான்தான் இந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டவர் அலுவலகம், வீட்டுக்காரன், அப்பாவின் முழங்கால், தபோவின் பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் நடுவில் இருந்து சொன்னவள். ஒரு சொல்லைக்கூட விட்டுச் சொன்னதில்லை. அதில் எனக்கு ஒரு திமிரும் இருந்தது.

மருத்துவர் நல்ல பெண். மெதுவாக, தெளிவாகச் சொன்னார். கைகள் ஓரளவு திரும்பும். இடது கை நன்றாக வரக்கூடும். கால்கள் இல்லை. நடக்கமாட்டார், நிற்கவும் மாட்டார், அந்த எதிர்பார்ப்பை வைத்திருக்க வேண்டாம் என்று குடும்பத்துக்குச் சொல்வது என் கடமை என்றார்.

அப்பா என் வாயைப் பார்த்தார். "என்னவாம் பிள்ளை? எப்ப எழும்புவானாம்?"

கை திரும்புமாம் அப்பா, கால் போகப்போகப் பார்ப்பமாம் என்றேன்.

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் சொன்னது மிகவும் சிறியது என்று அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார்.  அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. அம்மாவுக்கு ஜெர்மன் அவ்வளவு தெரியாது, ஆனால் என் முகம் தெரியும்.

18.05.2025, ஞாயிறு

சால்வைக் கிழவர் பஸ்ஸில் ஏறி, இந்த வருடம் எப்படியோ முடிந்தது, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். எங்கள் கிளப் எத்தனையாம் இடத்தில் முடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. மார்ச்சுக்குப் பிறகு ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. ஓம், அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன்.

அடுத்த வருடம் என்று ஒன்று உதைபந்தில் எப்போதும் இருக்கிறது. கீழே விழுந்தாலும் ஒரு பிரிவு இறங்கிவிட்டு, ஆகஸ்டில் பூச்சியத்திலிருந்து தொடங்குவார்கள். அதனால்தான் எங்களைப் போன்ற பைத்தியங்கள் உயிரோடு இருக்கிறோம். உடம்புக்கு அப்படி ஒரு ஆகஸ்ட் கிடையாது.

08.06.2025, ஞாயிறு

தபோவை ரேஹா என்கிற மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். பேர்லினுக்கு வெளியே, ஏரிக்கரை. அழகான இடம். அழகு எரிச்சலாக இருக்கிறது.

இடது கையால் கரண்டி பிடிக்கிறான். சக்கர நாற்காலியில் இருக்கப் பழக்குகிறார்கள். லென்னார்ட் வியாழக்கிழமைகளில் வந்து அவனுக்குச் சவரம் செய்துவிடுகிறான். இனி ரிங்கில் ஏறமாட்டேன் என்று லென்னார்ட் சொன்னதற்குத் தபோ அவனைக் கிழித்து எறிந்தான். நீ ஏறாவிட்டால் நான் யாருக்குக் கூச்சல் போடுவது என்று கேட்டான். லென்னார்ட் சவரக்கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். நிற்கிறார்.

29.06.2025, ஞாயிறு

இன்று அப்பாவும் அம்மாவும் ஏரிப்பக்கம் போனபோது தபோ கேட்டான்.

"அப்பாவுக்குத் தெரியுமோ அக்கா?"

பொய் சொல்ல வரவில்லை. இல்லை என்றேன். நான்தான் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை என்றேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மருத்துவரிடம் ஏப்ரலிலேயே நேராகக் கேட்டிருக்கிறான்.

"அவர் நிக்கேக்கை எனக்குப் பாக்க ஏலாமல் கிடக்கு," என்றான். "ஒவ்வொரு முறையும் நான் அவரை ஏமாத்துற மாதிரி."

நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், முடிவு சொல்கிறது என்னுடைய வேலை என்றான்.

அந்தக் கனவுக் கோப்பையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னான். எறிந்துவிடு என்பான் என்று நினைத்தேன். கைப்பிடி பெரிது, இடது கைக்கு வசதியாம்.

26.07.2025, சனி

அப்பா இந்த வருடம் அணி கட்டமாட்டேன் என்றிருந்தார். தபோ ரேஹாவிலிருந்து போன் போட்டு ஒவ்வொரு பெடியனாகப் பிடித்து அவனே அணியைக் கட்டிவிட்டான். தானும் கொலோனுக்கு வரவேண்டுமாம். மருத்துவர் சம்மதித்துவிட்டார். நான் சக்கர நாற்காலி ஏற்றுகிற வான் ஓட்டுகிறேன். பஸ்ஸே ஓட்டுகிறவளுக்கு இதென்ன.

ஐந்தாம் இலக்கத்தை யாருக்குக் கொடுப்பது என்று பெடியள் கேட்டார்களாம். இந்த வருடம் அந்த இலக்கம் இல்லை என்றிருக்கிறார் அப்பா.

02.08.2025, சனி

கொலோன். விடுதி அறையில் இருந்து எழுதுகிறேன். அம்மா படுத்துவிட்டா.

வெயில். ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயர்கள், கொத்து ரொட்டி மணம், யாரோ யாரையோ ஓப்சைட் என்று திட்டும் சத்தம். தபோவைக் கண்டதும் சனம் கூடியது. சிலர் அழுதார்கள். ஒருவர் தலையில் கைவைத்து விபூதி பூசினார். தபோ எல்லோருக்கும் இடது கையைக் கொடுத்தான்.

எங்கள் பெடியள் அரையிறுதிவரை போனார்கள். அரையிறுதி பெனால்டிக்குப் போனது. அப்பா தபோவின் நாற்காலியைக் கோட்டோரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, பக்கத்தில் நின்றார். அவருடைய மடக்குக் கதிரையைப் பெடியள் விரித்து வைத்திருந்தார்கள். அவர் அதைத் தொடவும் இல்லை. காலையிலிருந்து நிற்கிறார். வெயிலில் அவர் முழங்கால் ஆடுவதை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பந்தை எங்கள் பெடியன் கம்பத்தில் அடித்தான். தோற்றோம். பெடியள் புல்லில் படுத்துவிட்டார்கள். மற்றப் பக்கம் ஒரே கூச்சல். அப்பா அசையாமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தபோ இடது கையால் அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான். அப்பா குனிந்தார்.

"அப்பா," என்றான். "முடிவை மாத்திப்போட்டாங்கள்."

அப்பா பெடியளைச் சொல்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். ஏதோ பெனால்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். பிறகு தபோவின் முகத்தைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். 

"ஆர் மாத்தினது?" என்று கேட்டார். குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் போல வந்தது.

"தெரியேல்லை அப்பா. என்னட்டையும் கேக்கேல்லை."

அப்பா தலையை ஆட்டினார். திரும்ப ஆட்டினார்.

"நான் எழும்பமாட்டன். நீங்கள் நிண்டது காணும். இருங்கோ அப்பா."

அப்பா கையை நீட்டிக் கதிரையின் விளிம்பைத் தேடினார். நான் ஓடிப்போய் அதை அவருக்குக் கிட்டத் தள்ளினேன். ஒரு கையால் என் தோளையும் மறு கையால் தபோவின் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு, மெல்ல, தம்பிக்குப் பக்கத்தில், கதிரையில் இருந்தார்.